படம் போட்டால் போதுமா? பார்வையை மாற்றும் படங்களும் வேலூர் வட்டாரத் திரையிடல்களும்

1976இல் ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' படத்துக்குப் பணம் போட்டவர்கள் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள். ஐந்து லட்சம் பேர், ஆளுக்கு 2 ரூபாய். அந்த 10 லட்சத்தில்தான் படம் உருவானது. கிராமத்தில் பால் கூட்டுறவுச் சங்கம் எப்படி வேர் பிடிக்கிறது, ஊர்த் தலைவரும் தனியார் பால் முதலாளியும் அதற்கு எப்படி முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்பது கதை. பின்னர் இந்தப் படத்தை மற்ற மாநிலக் கிராமங்களுக்கு எடுத்துப் போனபோது, பால் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த வர்கீஸ் குரியனின் ஆட்கள் படப்பெட்டியை மட்டும் அனுப்பவில்லை. கால்நடை மருத்துவர் ஒருவர், பால் தொழில்நுட்பம் தெரிந்தவர் ஒருவர், தீவனம் பற்றிச் சொல்லக்கூடியவர் ஒருவர் என்று ஒரு குழுவும் கூடவே போனது. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் "நம்ம ஊர்ல இது நடக்குமா, மாட்டுக்கு யார் வைத்தியம் பாப்பாங்க?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல அங்கேயே ஆள் இருந்தார்கள்.

உலகத்தைப் பார்க்கும் விதத்தையே மாற்றிய படங்கள் என்று பட்டியல் போடும்போது இந்தப் பாதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. நல்ல படம் ஒரு விஷயத்தை நாம் வழக்கமாகப் பார்ப்பதைவிட அதிக நேரம், நாம் வழக்கமாக நிற்காத இடத்திலிருந்து பார்க்க வைக்கும். அந்த அளவுக்குப் படத்தின் வேலை. பார்த்தது பார்ப்பவரின் வாழ்க்கையோடு ஒட்டுகிறதா என்பது எங்கே காட்டினார்கள், எந்த மொழியில் புரிந்தது, வசனம் காதில் விழுந்ததா, முடிந்த பிறகு யார் வாய் திறந்தார்கள் என்பதைப் பொறுத்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் படம் காட்ட நினைக்கும் ஆசிரியர்கள், நூலக வாசகர் வட்டங்கள், தொழிற்சங்கக்காரர்கள், இளைஞர் மன்றங்கள் இந்த இரண்டாம் பாதிக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

இந்த மண்ணுக்குப் படம் புதிதல்ல. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' என்ற மௌனப்படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் 1885இல் வேலூரில் பிறந்தவர். மோட்டார் உதிரிபாக வியாபாரத்தில் இருந்தவர், பிறகு சென்னையில் இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. ஆனால் அவர் முதல் கதையாக மகாபாரதத்தின் விராட பர்வத்தை எடுத்துக்கொண்டதைக் கவனிக்க வேண்டும். பழைய வட ஆற்காடு முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, தபசு மரம் ஏறுதல், கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தோடு படுகளம். கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதையை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் பழக்கமும் உண்டு. அதைவிட முக்கியம், நடுவில் கட்டியங்காரன் வந்து நின்று, கதையை நிறுத்தி, இன்றைய ஊர் விஷயத்தை இழுத்துப் பேசிவிட்டுப் போவான். திரைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு ஆள் நின்று பேசுவதை இந்த வட்டாரத்துப் பார்வையாளர் தொந்தரவாக நினைப்பதில்லை. திரையிடல் நடத்துபவருக்கு இது பெரிய வசதி. மௌனப்பட காலத்தில் திரையருகே நின்று கதை சொன்னவர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள்.

பார்வை மாறுவது எப்படி

படத்தின் கருத்தைக் கேட்டு யாரும் மாறுவதில்லை. மேடையில் கருத்து சொல்ல ஆள் நிறையவே இருக்கிறார்கள். படத்தின் பலம் மூன்று இடத்தில் இருக்கிறது: எவ்வளவு நேரம் காட்டுகிறது, எங்கிருந்து காட்டுகிறது, எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறது.

நேரத்துக்கு நல்ல உதாரணம் மதுரை ஆர்.பி. அமுதன் எடுத்த 'பீ' என்ற ஆவணப்படம் (2003). தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண் துப்புரவுப் பணியாளரின் காலை வேலையைக் கேமரா கூடவே போய்ப் பார்க்கிறது. புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சில விநாடிகளில் கடந்துவிடும் தெருவில் அந்தப் பெண் இருக்கும் நேரம் முழுக்க நாமும் இருக்க வேண்டியிருக்கிறது. நிமிடங்கள் போகப் போக அருவருப்பு வேறு பக்கம் திரும்பும். அந்த வேலையின் மீது இருந்தது, அந்த வேலையை அவருக்குக் கொடுத்த ஏற்பாட்டின் மீது போய் உட்காரும். இதையே மூன்று நிமிடச் செய்தித் துணுக்காக வெட்டிக் காட்டினால் பரிதாபம் மட்டும்தான் மிஞ்சும்.

எங்கிருந்து காட்டுகிறது என்பதற்கு எரால் மாரிஸின் 'தி தின் ப்ளூ லைன்' (1988). டெக்சாஸில் ஒரு போலீஸ்காரர் கொலை. ராண்டல் ஆடம்ஸ் என்பவருக்குத் தண்டனை. ஒவ்வொரு சாட்சி சொல்வதற்கும் ஏற்ப அதே சம்பவம் மறுபடி மறுபடி நடித்துக் காட்டப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறுகிறது. சாட்சி கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் அது நடந்ததுதான் என்ற நம் நம்பிக்கை அங்கே உடைகிறது. படம் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1989இல், ஆடம்ஸ் விடுதலையானார்.

மூன்றாவதைக் கைப்பேசியிலேயே செய்து பார்க்கலாம். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்த சோதனைதான். உணர்ச்சி காட்டாத ஒரு முகத்தை எட்டு விநாடி எடுங்கள். அதன் பிறகு வறண்ட பாலாற்று மணலை ஒட்டுங்கள். அதே முகத்துக்குப் பிறகு ஆவி பறக்கும் பிரியாணித் தட்டை ஒட்டுங்கள். மூன்றாவதாகப் பூட்டிய கம்பெனி கேட். மூன்றையும் தனித்தனியாக மூன்று குழுவுக்குக் காட்டி, அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று எழுதச் சொன்னால் மூன்று வேறு பதில் வரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்ய ஒரு பாடவேளை போதும். செய்தித் தொலைக்காட்சி தங்களை எங்கே இழுத்துப் போகிறது என்பது அதற்குப் பிறகு அவர்களுக்கே தெரியத் தொடங்கும்.

இதே பலம் தீமைக்கும் பயன்படும். டி.டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' (1915) படத்தொகுப்பில் பாடமாக வைக்கப்படும் படம். அதில் கறுப்பின மக்கள் வில்லன்கள், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கொலைக் கும்பல் நாயகர்கள். ஓய்ந்து கிடந்த அந்தக் கும்பல் அதே 1915இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில் மறுபடி உயிர்பெற்றது, படத்தை ஆள் சேர்க்கவும் பயன்படுத்திக்கொண்டது. ஆகவே 'பவர்ஃபுல்லான படம்' என்பது தேர்வுக்குக் காரணம் ஆகாது. யாருடைய முகத்துக்கு அருகில் கேமரா போகிறது, யாரைக் கூட்டமாக மட்டும் காட்டுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் படங்களுக்கும் இதே அளவுகோல்தான்.

மாற்றம் உண்மையிலேயே நடக்கிறதா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஆய்வுகளும் இருக்கின்றன. உகாண்டாவில் எமா ரைலி என்ற பொருளாதார ஆய்வாளர் பொதுத்தேர்வுக்கு முன் மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் கம்பாலா சேரிப் பெண் ஒருத்தி சதுரங்க வீராங்கனையான 'குயின் ஆஃப் கட்வே' படத்தையும், மற்றவர்களுக்கு வேறொரு கற்பனைக் கதைப் படத்தையும் காட்டினார். முதல் படத்தைப் பார்த்தவர்களில் கணிதத்தில் தோற்றவர்கள் குறைந்தார்கள். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் இருந்தன. கேபிள் டிவி வந்த ஊர்களில் மனைவியை அடிப்பது சரி என்று சொல்பவர்களும், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பவர்களும் குறைந்ததை அவர்கள் பதிவு செய்தார்கள். தினமும் வீட்டுக்குள் ஓடும் தொடருக்கும் ஒருநாள் காட்டும் படத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு திரையிடலோடு நிறுத்தாமல் மாதம் ஒன்று என்று ஓராண்டாவது நடத்த வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஆம்பூரில் ஒரு ஜோடி ஷூ

இந்த வட்டாரத்தில் தொடங்க ஒரே ஒரு படம் சொல்லச் சொன்னால் மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997, ஈரான், 89 நிமிடம்) படத்தைச் சொல்லலாம். காரணம் விருதுப் பட்டியல் அல்ல. படம் தொடங்குவதே செருப்பு தைப்பவரின் கைகளில். பெயர்கள் ஓடும் நேரம் முழுக்க ஒரு சிறுமியின் இளஞ்சிவப்பு ஷூவை அவர் தைக்கிறார். கேமரா நகராமல் அந்தக் கைகளையும் ஷூவையுமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் ஒருவராவது ஷூ கம்பெனியிலோ, தோல் பதனிடும் டேனரியிலோ வேலை பார்த்தவர். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள். ஈரானைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட அந்த ஊசி எங்கே இறங்குகிறது, நூல் தாங்குமா என்று பார்ப்பார். அந்த நிமிடத்திலேயே அன்னியப் படம் என்ற தடுப்பு விழுந்துவிடுகிறது. ஆம்பூர்ப் பக்கம் உருது பேசும் குடும்பங்களுக்குப் பாரசீக வசனத்தில் நடுநடுவே சொற்கள் பிடிபடுவதும் கூடுதல் பலம்.

கதை சின்னது. தைத்து வாங்கிய தங்கையின் ஷூவை அண்ணன் அலி காய்கறிக் கடை வாசலில் தொலைத்துவிடுகிறான். அப்பாவிடம் சொன்னால் புது ஷூ வாங்கக் காசு கிடையாது. எனவே அலியின் ஒரே ஜோடி ஷூவைக் காலையில் தங்கை ஸஹ்ரா போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவாள், அவள் ஓடி வந்து கழற்றிக் கொடுத்ததும் அலி போட்டுக்கொண்டு ஓடுவான். ஒருநாள் ஸஹ்ரா தன் ஷூவை வேறொரு சிறுமியின் காலில் பார்க்கிறாள். அண்ணனும் தங்கையும் அவள் வீடு வரை பின்தொடர்ந்து போகிறார்கள். மறைந்து நின்று பார்க்கிறார்கள். அந்தச் சிறுமியின் அப்பாவுக்குக் கண் தெரியாது என்று தெரிகிறது. ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் திரும்பி வருகிறார்கள்.

படத்தின் மையம் இங்கேதான். அதுவரை பார்வையாளர் மனத்தில் இருந்தது "எடுத்தவள் யார், பிடி அவளை" என்பது. படம் அதைத் தவறு என்று சொல்லவில்லை. நம்மைக் கதவுக்கு வெளியே இரண்டு பிள்ளைகளோடு நிற்க வைத்து, உள்ளே இருப்பவர் யார் என்று காட்டுகிறது. வசனம் இல்லை. முடிவைப் பார்வையாளரே எடுக்கிறார். பிறகு பேசும்போது இந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும்: அவர்கள் ஏன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தவறா? இந்தக் கேள்விக்கு ஒரே பதில் வராது. ஷூவை விட்டுக்கொடுத்தது பெருமை என்று சிலர் சொல்வார்கள். இல்லாதவனும் இல்லாதவனும் எதிரெதிரே நின்று விட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று வேறு சிலர் கோபப்படுவார்கள். இரண்டாவது குரல் வரும்போது பேச்சு தானாகக் கம்பெனிக்கும் கூலிக்கும் போகும். நாம் தள்ள வேண்டியதில்லை.

இறுதிக் காட்சியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசுதான் ஷூ. அலி முதலாவதாக வந்துவிடுகிறான். வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறான். ஆனால் அப்பாவின் சைக்கிளில் புது ஷூக்கள் இருப்பதைப் படம் நமக்கு மட்டும் காட்டிவிட்டது, பிள்ளைகளுக்குத் தெரியாது. கவனிக்காமல் விட்டவர்கள் கூட்டத்தில் பாதிப்பேர் இருப்பார்கள். கவனித்தவர் மற்றவருக்குச் சொல்லட்டும். கூட்டம் ஒன்றாகச் சேர்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

பாலாறு பற்றிய படம் காட்டும்போது

டேனரிக் கழிவைப் பற்றிப் படம் காட்டலாமே என்பார்கள். காட்டலாம், ஆனால் நுரை பொங்கும் ஆற்றைக் காட்டினால் இங்கே ஒன்றும் நடக்காது. அதை எல்லோரும் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். தினம் பார்த்த படிமத்துக்குப் பார்வையை மாற்றும் சக்தி இல்லை. பார்க்காத பக்கத்தைக் காட்ட வேண்டும். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வருகிறது. ஊறப்போடும்போது அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்குகிறது. தோல் பதனிடப் போடும் குரோமியத்தைப் பிரித்தெடுக்க வழி இருக்கிறது, கரைந்த உப்பைப் பிரிப்பதற்குத்தான் செலவு அதிகம். நிலத்தடி நீர் உவர்த்துப்போனதற்குப் பெரிய காரணம் அந்த உப்பு. தொட்டியில் இறங்கி நிற்பவரின் காலுக்கு என்ன ஆகிறது, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் என்ன நடக்கிறது, கிணற்றைக் கைவிட்ட விவசாயி இப்போது என்ன செய்கிறார் என்று போகும் படம்தான் வேலை செய்யும்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு வரலாறும் இருக்கிறது. 1996 ஆகஸ்டில் 'வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம்' வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான் 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்னது. சட்டக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் படிக்கும் இந்த வழக்கு ஆம்பூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. படத்துக்குப் பிறகு தீர்ப்பின் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தைக் கையில் கொடுங்கள். இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கூட்டத்தில் இருப்பவரின் சோறு அந்த டேனரியில் இருந்துதான் வருகிறது. அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக உணர்ந்தால் எழுந்து போய்விடுவார். முதல் பேச்சைத் தொழிலாளிக்கே கொடுப்பது இதனால்தான்.

மொழி

திரையிடல்கள் அதிகம் தோற்பது இங்கேதான். ஆங்கில வசனவரி போட்டால் கல்லூரிக்காரர்கள் மட்டும் படம் பார்ப்பார்கள், மற்றவர்கள் கூட்டம் பார்ப்பார்கள். தமிழ் வசனவரி நாமே செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரப் படத்தில் அறுநூறிலிருந்து ஆயிரம் வரி வரை இருக்கும். இரண்டு பேர் மாலை நேரங்களில் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் முடியும். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருள் போதும்.

திரையில் ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்குச் சுமார் 30 எழுத்து. குறைந்தது இரண்டு விநாடி, அதிகம் ஆறு விநாடி நிற்கட்டும். தமிழ்ச் சொல் நீளம், எனவே ஆங்கில வரியை அப்படியே பெயர்த்தால் படித்து முடிப்பதற்குள் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு வெட்டித்தான் எழுத வேண்டும். பேச்சுத்தமிழில் எழுதலாம், ஆனால் படித்தவுடன் புரியும் எழுத்துக்கூட்டலில். எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். வாய் தடுக்கினால் கண்ணும் தடுக்கும்.

கோப்பைச் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 குறியீட்டில் சேமிக்காவிட்டால் கேள்விக்குறிகளோ குழப்ப எழுத்துகளோ வரும். குறியீடு சரியாக இருந்தும் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. 'கொ', 'கோ' போன்றவை உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால் அந்தக் கருவிக்குத் தமிழ் அடுக்கத் தெரியவில்லை. பழைய டிவியிலும் சில புரொஜெக்டர்களின் பென் டிரைவ் வசதியிலும் இது அடிக்கடி நடக்கும். வசனவரியைப் படத்தோடு நிரந்தரமாகப் பதித்துவிடுவது பாதுகாப்பு.

இன்னொரு பிழை தொடக்கத்தில் தெரியாது. முதல் பத்து நிமிடம் சரியாக இருக்கும், போகப் போக வரி வசனத்தை முந்திக்கொண்டு ஓடும். விநாடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) ஓடும் பிரதிக்கு எழுதிய வசனவரியை 23.976 சட்டப் பிரதியோடு சேர்த்தால் மணிக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் விலகும். படம் ஓட்டும் மென்பொருளான வி.எல்.சி.யில் ஜி, எச் விசைகளைத் தட்டி நகர்த்துவது சீரான தாமதத்துக்கு மட்டும்தான் உதவும். இந்த விலகலுக்குச் சட்ட வேகத்தையே மாற்றிச் சேமிக்க வேண்டும். ஆகவே சோதிக்கும்போது படத்தின் தொடக்கம், நடு, கடைசிப் பத்து நிமிடம் மூன்றையும் பாருங்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் முதியவர்கள் அதிகம் இருந்தால் ஒருவர் மைக்கில் வரிகளைப் படிக்கலாம். நடிக்கக் கூடாது, வேகத்தைக் கூட்டக் கூடாது, வசனம் இல்லாத இடத்தில் விளக்கம் சொல்லக் கூடாது. மௌனத்தை விளக்கத்தால் நிரப்பினால் மேலே சொன்ன கதவுக் காட்சி செத்துவிடும்.

திரை, ஒலி, மின்சாரம்

அறுபது பேருக்கு 10 அடி அகலத் திரை போதும், உயரம் ஐந்தரை அடிக்குச் சற்று மேல். சாதாரணப் புரொஜெக்டரின் வீச்சு விகிதம் (தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் திரையிலிருந்து 15 அடி தள்ளி வைக்க வேண்டும். முதல் வரிசை 10 அடிக்கு முன்னால் வேண்டாம், கடைசி வரிசை 33 அடிக்குள் இருக்கட்டும்; அதற்குப் பின்னால் வசனவரி படிக்க முடியாது. பெட்டியில் 3000 லூமன் என்று போட்டிருந்தாலும் பல மலிவுக் கருவிகள் அதை எட்டுவதில்லை, வாங்கும் முன் இருட்டிய பிறகு பார்த்து வாங்குங்கள்.

சுண்ணாம்பு அடித்த, பளபளப்பில்லாத வெள்ளைச் சுவர் இருந்தால் அதுவே சிறந்த திரை. வேட்டியைக் கட்டுவதானால் இரட்டையாகத் தைத்து, நீலம் போடாமல் துவைத்தது வேண்டும். நீலம் போட்ட துணியில் முகங்கள் எல்லாம் சாம்பல் பூத்துத் தெரியும். நான்கு ஓரமும் கறுப்புத் துணி தைத்தால் படம் பளிச்சென்று தெரியும். காற்றுக்குக் கீழ் ஓரத்தில் மூங்கில் கழி ஒன்று கோத்துவிடுங்கள். மே மாதத்தில் ஏழேகால் மணிக்கு முன் வெளியில் படம் போட முடியாது, வெளிச்சம் போகாது. மழைக்குப் பிறகு ஈசல் லென்ஸை மொய்க்கும். இருபது அடி தள்ளி, கூட்டத்துக்குப் பின்னால், பிரகாசமான பல்பு ஒன்றை எரியவிட்டால் பாதிக்கு மேல் அங்கே போய்விடும்.

ஒலியில்தான் அதிகம் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். கூத்துக்கும் கோயிலுக்கும் கட்டும் குழாய் ஸ்பீக்கர் தூரத்துக்குக் கேட்கும், ஆனால் குரலின் அடிப்பகுதியை அறுத்துவிடும். பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, திரையின் இருபுறமும், உட்கார்ந்தவர் தலைக்கு மேலே இருக்கும்படி, தரையிலிருந்து ஆறடி உயரத்தில். சமுதாயக் கூடங்களில் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலித்து வசனத்தைக் குழப்பும். பின்சுவரில் ஜமுக்காளம் நான்கைந்து தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். புளூடூத் வேண்டாம், உதடும் குரலும் விலகும். வயர்தான் நல்லது. விலகல் இருந்தால் வி.எல்.சி.யில் ஜே, கே விசைகளால் சரிசெய்யலாம்.

புரொஜெக்டர் 300 வாட், மடிக்கணினி 65, ஒலிக்கு 150 என்று வைத்தால் மொத்தம் 500 வாட்டுக்குச் சற்று மேல். 150 ஆம்பியர் மணி பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டு மணி நேரம் தள்ளலாம், பேட்டரி புதிதாக இருந்தால். பல்பு வகைப் புரொஜெக்டருக்குத் திடீர் மின்வெட்டு விஷம். மின்விசிறி நின்று சூடு உள்ளேயே தங்கும், மறுபடி எரியவிடச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தினால் பல்பு போகும்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. ஓ.டி.டி. சந்தாவும் டி.வி.டி.யும் வீட்டில் பார்க்க மட்டும்தான். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலும் தணிக்கைச் சான்றும் வேண்டும். பள்ளி, கல்லூரிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோருக்கு மட்டும் காட்டுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆவணப்பட இயக்குநர்கள் பலர் கேட்டாலே மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள், கேட்காமல் போடாதீர்கள்.

விளக்கைப் போட்ட பிறகு

படத்துக்கு முன் பொன்னாடை, வரவேற்புரை, சிறப்புரை எதுவும் வேண்டாம். அதிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டால் கடைசியில் பேச நேரம் இருக்காது, கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க முதலில் எழுந்திருப்பவர்கள் பெண்கள். கம்பெனி வேனில் வீடு வந்து, சமைத்து வைத்துவிட்டு வருபவர்களுக்கு ஞாயிறு மாலைதான் தோது. படத்தை 95 நிமிடத்துக்குள் வைத்துக்கொண்டு, அரை மணி பேச்சுக்கு ஒதுக்கி, பஸ் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தொடங்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

முடிந்ததும் விளக்கைச் சட்டென்று போடாமல், பெயர்கள் ஓடி முடியும் வரை விடுங்கள். பிறகு "படம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். "எந்த இடம் கண்ணுலயே நிக்குது?" என்று கேட்டால் படிக்காதவரும் பதில் சொல்வார், ஏனென்றால் அதற்குத் தவறான பதில் கிடையாது. அடுத்து, "அந்த நேரத்துல யாரை நாம பாத்தோம், யாரைப் பாக்கல?" மூன்றாவதாகத்தான் ஊருக்கு வர வேண்டும். பொதுக்கூட்டத்தில் ஆண்கள் மட்டும் பேசுகிறார்கள் என்றால் ஐந்தைந்து பேராக உட்காரவைத்துப் பத்து நிமிடம் கொடுத்து, ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். பெண்கள் வட்டம் தனியாக இருப்பது தொடக்கத்தில் நல்லது. வாதம் சூடேறினால், வாதத்துக்குரிய காட்சியை மூன்று நிமிடம் ஒலியில்லாமல் மறுபடி போடுங்கள். ஞாபகத்தில் இருந்தது ஒன்று, திரையில் இருப்பது வேறு என்று பலர் அப்போதுதான் காண்பார்கள்.

நடத்துபவர் கடைசியில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சந்தேகங்களுக்குப் பதில் தெரிந்த ஒருவரை மட்டும் கூட்டத்திலேயே உட்காரவைத்திருங்கள்: 'பீ' போட்டால் துப்புரவுப் பணியாளர் சங்கத்திலிருந்து ஒருவர், பாலாற்றுப் படம் என்றால் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை தெரிந்த ஒருவர். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். அடுத்த மாதப் படத்தை அன்றே அறிவித்து, வந்தவர்களில் இருவரைத் தேர்வுக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த திரையிடலின் முதல் பத்து நிமிடத்தை, போன படத்துக்குப் பிறகு யார் எதை வேறு மாதிரிப் பார்த்தார்கள் என்று கேட்பதற்கு வைத்துக்கொண்டால், எந்தப் படம் இந்த ஊரில் வேலை செய்கிறது என்ற பட்டியல் ஓராண்டில் தானாகவே தயாராகிவிடும்.